எட்டு நிமிஷம், முப்பத்திநாலு ஸ்லைடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மகளிடமிருந்து போன். நெஞ்சக நோய்ப் பிரிவில் எம்.டி. படிக்கிறாள். ஒரு மருத்துவ கான்ஃபரன்ஸில் பேப்பர் வாசிக்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

"சித்தப்பா, நீங்க சாஃப்ட்வேர்தானே. ஸ்லைடை மட்டும் கொஞ்சம் அழகா மாத்திக் குடுங்களேன். அனிமேஷன் ஏதாவது போட்டு..."

"எவ்வளவு நேரம் பேசணும்?"

"எட்டு நிமிஷம். அப்புறம் ரெண்டு நிமிஷம் கேள்வி."

"எத்தனை ஸ்லைடு வெச்சிருக்க?"

"முப்பத்திநாலு."

மனக்கணக்காகவே போட்டுப் பாருங்கள். எட்டு நிமிஷம் என்றால் 480 விநாடி. 34ஆல் வகுத்தால் ஒரு ஸ்லைடுக்கு 14 விநாடி. அவள் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். ஒன்பதாவது ஸ்லைடில் ஒரு டேபிள்: பன்னிரண்டு வரிசை, ஏழு பத்தி. 84 எண்களை 14 விநாடியில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மனிதர் எந்த மருத்துவக் கல்லூரியிலும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இருபது வருஷமாக ரிவ்யூ மீட்டிங்குகளில் மோசமான ஸ்லைடுகளைப் பார்த்தும், அதைவிட மோசமானவற்றை நானே தயாரித்தும் வாழ்ந்தவன். இந்தச் சாக்கில் இரண்டு வாரம் கொஞ்சம் படித்தேன். படித்ததும், அவளோடு உட்கார்ந்து செய்ததும்தான் இந்தக் குறிப்பு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அழகுபடுத்தும் வேலை என்று நினைத்துதான் ஆரம்பித்தோம். கடைசியில் அவளுடைய ஆய்வின் முடிவையே திருத்தி எழுத வேண்டி வந்தது.

படிப்பதும் கேட்பதும்

திரையில் ஒரு பத்தி எழுத்து இருக்கிறது. பேசுபவர் அதையே, அல்லது அதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி, வாசிக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? எழுத்தைப் படிக்கிறோம். படிக்கும்போது மனசுக்குள் ஒரு குரல் ஓடுகிறது. அந்தக் குரலும் பேசுபவரின் குரலும் மோதிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நம்முடைய வேலை நினைவகம் மிகச் சிறியது, அதில் தேவையில்லாத சுமையை ஏற்றினால் கற்றல் நடக்காது என்று ஜான் ஸ்வெல்லர் 1988இல் எழுதினார். ரிச்சர்ட் மேயர் பல வருஷம் சோதனைகள் செய்து, படமும் பேச்சும் சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது, அதோடு அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் போட்டால் புரிதல் பெரும்பாலும் குறைகிறது என்று காட்டினார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ஒரே வயரில் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் டேட்டா அனுப்புகிற கதை.

ஆகவே திரை காட்டட்டும், வாய் பேசட்டும். ஒன்று செய்வதை இன்னொன்று செய்ய வேண்டாம்.

"ஆனா சித்தப்பா, மறந்துட்டா?" என்றாள். நியாயமான பயம். நிறைய ஸ்லைடுகள் உண்மையில் பார்வையாளருக்காகச் செய்யப்படுவதே இல்லை, பேசுபவரின் துண்டுச்சீட்டுதான் திரையில் ஓடுகிறது. அதற்கு நோட்ஸ் பகுதி இருக்கிறது. அங்கே எழுதிக்கொள்ளலாம், அல்லது ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மலிவானதும் பெருகியது

35 மி.மீ. ஃபிலிம் ஸ்லைடு காலத்தில் ஒவ்வொரு ஸ்லைடையும் வரைந்து, படமெடுத்து, கழுவி, சட்டத்தில் மாட்ட வேண்டும். செலவும் நேரமும் ஆகும். அதனால் எது தேவை என்று யோசித்தார்கள். 1987இல் ஃபோர்தாட் என்ற சிறிய கம்பெனி மேக்கின்டாஷுக்கு பவர்பாயிண்ட் வெளியிட்டது. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பிறகு இன்னொரு ஸ்லைடு சேர்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு கீ அழுத்தல்.

மருத்துவத் துறையில் இதோடு இன்னொரு பழக்கம் சேர்ந்துகொண்டது. ஜர்னல் கட்டுரைக்கு ஒரு வடிவம் உண்டு: அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம். பேச்சுக்கும் அதே வடிவத்தை அப்படியே கொண்டுவந்துவிடுகிறார்கள். கட்டுரையைப் படிப்பவர் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், டேபிளில் விரல் வைத்துப் படிக்கலாம். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு பேக் பட்டன் கிடையாது. என் அண்ணன் மகளின் 34இல் பதினொன்று காசநோய் என்றால் என்ன என்று விளக்கிய ஸ்லைடுகள். கேட்கப்போவதோ நெஞ்சக நோய் மருத்துவர்கள்! அந்தப் பதினொன்றும் முதலில் போயின.

கடைசி வரியில் இருந்த எண்

மோசமான ஸ்லைடு போரடிக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். மருத்துவம் இல்லை, ஆனால் பொருந்தும். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அந்த ஆபத்தைப் பற்றி நாசாவுக்கு ஸ்லைடுகள் போட்டுக் காட்டினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடு பின்னாளில் பிரபலமானது. தலைப்பு ஆறுதலாகத் தொனித்தது. அதன் கீழே அடுக்கு அடுக்காகப் புல்லட்டுகள், உள்ளே போகப் போக எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி அடுக்கில், உண்மையான செய்தி இருந்தது: விழுந்த துண்டு சுமார் 1920 கன அங்குலம், இதுவரை சோதித்துப் பார்த்ததோ 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. 'எங்களிடம் இருக்கும் சோதனைத் தரவு இந்த அளவுக்குப் பொருந்தாது' என்பதுதான் அந்த ஸ்லைடின் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். எட்வர்ட் டஃப்டி இதை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். விபத்தை விசாரித்த வாரியமும் தன் அறிக்கையில் அந்த ஸ்லைடை எடுத்துப் போட்டு விமர்சித்தது. ஸ்லைடால்தான் விபத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்களின் கண்ணில் பட வேண்டிய எண், படாத இடத்தில் இருந்தது.

மருத்துவ அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் முடிவெடுப்பவர்கள்தான். திங்கட்கிழமை ஓ.பி.யில் எந்த மருந்தை எழுதுவது என்று.

தலைப்பு ஒரு முழு வாக்கியம்

இனி ஒரு உதாரணத்தை வைத்துப் பேசுவோம். என் அண்ணன் மகளின் ஆய்வு இன்னும் அச்சாகவில்லை, அதனால் அதன் எண்களை இங்கே போட முடியாது. அதைவிடப் பெரிய ஒரு ஆய்வு நம்ம சென்னையிலேயே நடந்திருக்கிறது.

1950களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும் என்பதுதான் மருத்துவ விதி. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. இந்தியாவில் நோயாளிகள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகக் குறைவு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வீட்டில், இன்னொன்று சானடோரியத்தில். இரண்டு பேருக்கும் அதே மருந்து: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில் வருஷக் கடைசியில் கிருமி அடங்கியிருந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம், இடநெருக்கடி அதிகம், ஆனாலும் இவ்வளவு. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை.

இதை ஒரு ஸ்லைடாகப் போடச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் தலைப்பில் என்ன எழுதுவோம்? 'ரிசல்ட்ஸ்'. அல்லது 'ரிசல்ட்ஸ் – 3'. இது ஒரு டப்பாவின் மேல் 'டப்பா' என்று எழுதி ஒட்டுகிற மாதிரி. மைக்கேல் அல்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் பல வருஷமாகச் சொல்லிவருகிற வழி வேறு: தலைப்பில் அந்த ஸ்லைடின் முடிவை முழு வாக்கியமாக எழுது, கீழே அதற்கான சான்றைப் படமாகக் காட்டு. புல்லட் வேண்டாம்.

அப்படி எழுதினால்: 'வீட்டில் தங்கி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்தார்கள்.' கீழே இரண்டு பட்டைகள், 86, 92. அவ்வளவுதான். லேட்டாக உள்ளே நுழைந்தவர், நடுவில் போனைப் பார்த்தவர், பேசுபவரின் உச்சரிப்பு பிடிபடாதவர் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எல்லா ஸ்லைடின் தலைப்பையும் மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கதை ஓடினால் பேச்சு சரியாக இருக்கிறது. தலைப்பே எழுத வரவில்லை என்றால் அந்த ஸ்லைடுக்கு வேலை இல்லை, தூக்கிவிடலாம். அவளுடைய 34இல் இந்தச் சல்லடையில் நின்றது ஒன்பது.

அச்சை வெட்டினால்

அதே 86, 92. எக்ஸெலில் போட்டு கிராஃப் வரையச் சொன்னால், செங்குத்து அச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 0இல் ஆரம்பித்தால் இரண்டு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரம். 80இல் ஆரம்பித்தால்? ஒன்று 6 உயரம், இன்னொன்று 12 உயரம். சானடோரியம் இரண்டு மடங்கு மேல் என்று கண் சொல்லும்! எண்ணில் பொய் இல்லை, படத்தில் பொய். உலகம் முழுக்க சானடோரியங்களை மூடவைத்த ஒரு ஆய்வை, அச்சை வெட்டியே எதிர்த் திசையில் திருப்பியிருக்க முடியும்.

பட்டைகளை நாம் உயரத்தை வைத்து ஒப்பிடுகிறோம், அதனால் பட்டை வரைபடம் 0இல்தான் தொடங்க வேண்டும். காலப்போக்கில் ஏறி இறங்குகிற கோட்டு வரைபடத்துக்கு இந்த விதி இல்லை. உடல் வெப்பநிலைச் சார்ட்டை 0 டிகிரியிலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

எந்த வகைப் படம் என்பதும் முக்கியம். 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதை மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடும். நீளம் அதற்கடுத்து. கோணமும் பரப்பளவும் அதற்கும் பின்னால். வட்ட வரைபடத்தில் 27க்கும் 31க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான். அதை முப்பரிமாணமாகச் சாய்த்துவிட்டால் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும். முப்பரிமாண வட்டத்துக்கு மருத்துவப் பேச்சில் எந்த வேலையும் இல்லை.

'இரு மடங்கு' என்றால் எவ்வளவு?

1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்த நாளத்தில் உறைவு வரும் ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது. செய்தி பரவியது, ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையான எண் என்ன? 7000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது. 100 சதவீத உயர்வு என்பதும் சரிதான், 7000க்கு ஒருவர் கூடினார் என்பதும் சரிதான். அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். கர்ப்பமும் கருக்கலைப்பும் உறைவு ஆபத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாக்கும் என்பதுதான் சோகம். கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத் திரும்பத் திரும்ப உதாரணமாகக் காட்டுவார்.

ஆகவே ஸ்லைடில் 'ஆபத்து 50 சதவீதம் குறைந்தது' என்று வந்தால், பக்கத்திலேயே '1000 பேரில் எத்தனை பேரிலிருந்து எத்தனை பேருக்கு' என்று போடுவது நேர்மை. சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பார்த்தால் பல விஷயம் தெளியும். சென்னை ஆய்வில் ஒவ்வொரு பிரிவிலும் ஒப்பிடப்பட்டவர்கள் சுமார் 80 பேர். 6 சதவீத வித்தியாசம் என்றால் ஐந்தே ஐந்து ஆட்கள். அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம்.

யாரை விட்டுவிட்டோம்?

இங்கேதான் எங்கள் வேலை திசை மாறியது. அவளுடைய முக்கிய ஸ்லைடுக்குத் தலைப்பு எழுத உட்கார்ந்தோம். முதலில் 'இந்த முறையில் நோயாளிகள் நன்றாகக் குணமடைகிறார்கள்' என்று எழுதினாள். நான் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டேன், டெஸ்டிங் டீமில் இருந்தால் யாரும் கேட்கிற கேள்வி.

"எத்தனை பேர்ல?"

"சிகிச்சையை முடிச்சவங்கள்ல."

"முடிக்காதவங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பாதியில் நின்றுவிட்டவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்திருந்தாள். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. டிபார்ட்மென்டில் முன்னால் செய்தவர்கள் அப்படித்தான் டேபிள் போட்டிருக்கிறார்கள், இவளும் அதே ஃபார்மேட்டைத் தொடர்ந்திருக்கிறாள். 'ரிசல்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழே அந்த டேபிள் இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. முழு வாக்கியம் எழுத வேண்டும் என்று வந்தபோது வாக்கியம் நிற்கவில்லை. காசநோயில் மருந்தைப் பாதியில் விடுவதுதானே பெரிய பிரச்சினை, அவர்களை விட்டுவிட்டு எதைக் குணம் என்று சொல்வது?

மறுநாள் அவளுடைய கைடிடம் போய்ப் பேசினாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் நல்ல மனிதர், "சேர்த்துப் போடும்மா, எண் குறைஞ்சா குறையட்டும்" என்றாராம். எண் குறைந்தது. தலைப்பு இப்படி மாறியது: 'சிகிச்சையை முடித்தவர்கள் நன்றாகக் குணமடைகிறார்கள், முடிக்காதவர்களே நம் சவால்.' முன்பு இருந்ததைவிட நல்ல பேப்பர் என்று நான் நினைக்கிறேன்.

இதற்காகவே ஒரு ஸ்லைடு ஒதுக்கலாம்: எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் நடுவில் போனார்கள், எத்தனை பேர் கணக்கில். ஒரு ஓட்டப்படம், நாலு பெட்டி போதும். அதே மாதிரி காலப்போக்கில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கப்லான்–மையர் கோடு போட்டால், கீழே ஒவ்வொரு கட்டத்திலும் மிச்சமிருப்பவர்களின் எண்ணிக்கை வேண்டும். கோட்டின் வால் பகுதியில் நாலே பேர் இருக்கலாம், அதைச் சொல்லாவிட்டால் கேட்பவர் நானூறு பேர் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

எழுத்து அளவுக்கு ஆளுக்கொரு விதி சொல்வார்கள். விதியை விட ஒரு சோதனை சொல்கிறேன். அரங்கத்தின் திரை 2 மீட்டர் உயரம், கடைசி வரிசை 16 மீட்டர் தூரம் என்று வையுங்கள். அதாவது திரை உயரத்தைப் போல் எட்டு மடங்கு. உங்கள் லேப்டாப் திரை 20 செ.மீ. உயரம் என்றால், ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு 160 செ.மீ. தள்ளி நின்று பாருங்கள். படிக்க முடியாத எதுவும் ஸ்லைடில் இருக்கக்கூடாது. 'பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியாது, மன்னிக்கணும்' என்று சொல்லிக்கொண்டு ஒரு ஸ்லைடைக் காட்டுவது, உப்பு இல்லை என்று தெரிந்தே சாம்பார் பரிமாறுவது மாதிரி.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு நிறப் பார்வைக் குறை உண்டு, பெரும்பாலும் சிவப்பு–பச்சைக் குழப்பம். நம் ஊரிலும் அரங்கத்தில் நிச்சயம் சிலர் இருப்பார்கள். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான ஜோடி. ஓரத்தில் நிறக் குறிப்புப் பெட்டி போடுவதற்குப் பதில் கோட்டின் பக்கத்திலேயே பெயரை எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை.

கிராப் செய்த பெயர் போய்விடவில்லை

இது சாஃப்ட்வேர்காரனாக நான் உருப்படியாகச் சொல்லக்கூடிய பகுதி. தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

அவளுடைய ஃபைலில் ஒரு சி.டி. ஸ்கேன் படம். மூலையில் நோயாளியின் பெயர், எண் இருந்த பகுதியை கிராப் செய்து எடுத்திருந்தாள். நான் அந்தப் படத்தைக் கிளிக் செய்து, கிராப் பட்டனை அழுத்தி, ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பெயர் திரும்பி வந்துவிட்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

பவர்பாயிண்டில் கிராப் என்பது மறைப்பது மட்டும்தான், அழிப்பது இல்லை. பெயர் மேல் கறுப்புப் பெட்டி வைப்பதும் அப்படியே, பெட்டியைத் தள்ளினால் கீழே பெயர் இருக்கும். பவர்பாயிண்ட் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். பிரித்துப் பார்த்தால் மீடியா என்ற ஃபோல்டரில் மூலப் படங்கள் முழுசாக இருக்கும். எக்ஸெலிலிருந்து கிராஃபை ஒட்டும்போது மொத்த எக்ஸெலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த எக்ஸெலின் இரண்டாவது ஷீட்டில் நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் இருந்தால்? அந்த ஃபைலைத்தான் நாம் கான்ஃபரன்ஸ் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம், வாட்ஸப்பில் அனுப்புகிறோம்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. ஸ்கேன் படத்தைப் பெயர் இல்லாமலே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முடியாவிட்டால், பவர்பாயிண்டுக்குக் கொண்டுவரும் முன்பே பட எடிட்டரில் வெட்டி, புதிய ஃபைலாகச் சேமியுங்கள். பவர்பாயிண்டுக்குள்ளேயே வெட்டியிருந்தால் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய் வெட்டிய பகுதிகளை நீக்கும் டிக்கைப் போடுங்கள். கிராஃபைப் படமாக ஒட்டுங்கள். நோட்ஸில் நோயாளி பெயர் இருக்கிறதா பாருங்கள்.

முகம் தெரியும் போட்டோ என்றால் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போதாது. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே அது போதுமான பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. எழுத்து மூலம் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் படம் வேண்டாம். அரங்கத்தில் இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, திரையில் வந்தது வெளியே போகாது என்று நம்புவதற்கில்லை.

அரங்கத்தில்

இது நான் அனுபவத்தில் அடிபட்டுத் தெரிந்துகொண்டது, சுருக்கமாக:

– ஃபைலோடு ஒரு பி.டி.எஃப். காப்பியும் பென் டிரைவில் இருக்கட்டும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபாண்ட் இல்லையென்றால் வரிகள் இடம் மாறும்.
– திரை 16:9ஆ 4:3ஆ என்று முன்பே கேளுங்கள்.
– வீடியோ இருந்தால் அந்த மெஷினிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் ஓடியது அங்கே ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.
– கேள்வி வரலாம் என்று தோன்றும் டேபிள்களைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வையுங்கள். ஸ்லைடு எண்ணை டைப் பண்ணி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போகும். அந்த 84 எண் டேபிளுக்கு இதுதான் சரியான இடம்.
– 'நன்றி' என்று பூப்படம் போட்ட ஸ்லைடில் முடிக்காதீர்கள். கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்கப்போவது கடைசி ஸ்லைடு. அங்கே உங்கள் முக்கிய முடிவு நிற்கட்டும். நன்றியை வாயால் சொல்லலாம்.
– வாய்விட்டு, கடிகாரம் வைத்து, மூன்று முறை ஒத்திகை. மனசுக்குள் பேசிப் பார்த்தால் எப்போதும் நேரம் குறைவாகவே காட்டும்.

கடைசியில் அவளிடம் இருந்தது எட்டு ஸ்லைடு, பின்னால் ஐந்து. அனிமேஷன் எதுவும் இல்லை. "என்ன சித்தப்பா, காலியா இருக்கே, வேலையே செய்யலைன்னு நினைப்பாங்க" என்று முதல் நாள் ராத்திரி வரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஏழு நிமிஷம் நாற்பது விநாடியில் முடித்தாளாம். முதல் கேள்வியே முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த பேராசிரியரிடமிருந்து: "பாதியில நின்னவங்கள கணக்குல எடுத்தீங்களா?" அவள் பதினோராவது ஸ்லைடுக்குப் போய், எத்தனை பேர், எந்த மாசத்தில், என்ன காரணம் என்று காட்டியிருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியாக, அவர்களைத் திரும்பக் கூப்பிட என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. "தெரியலை சார், அடுத்து அதைத்தான் பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது அந்த அடுத்த ஆய்வுக்கான வரைவை எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று அனுப்பினாள், படித்துப் பார்க்கச் சொல்லி. முதல் பக்கத்திலேயே ஒரு முழு வாக்கியம் இருந்தது.